ஒரே துப்பாக்கி... இரண்டு தண்டனை!

2015 நவம்பர். அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் உள்ள மொபீல் நகரம். ஹெட்லைட் பழுதான ஒரு காரை போலீஸ்காரர் ஒருவர் மடக்குகிறார். காருக்குள்ளிருந்து கஞ்சா வாடை வருகிறது. சோதனை போட்டதில், குண்டு நிரப்பிய 9 மி.மீ. கைத்துப்பாக்கி ஒன்று சிக்குகிறது. காரை ஓட்டி வந்தவர் பெயர் டெரன்ஸ் கேம்பிள். ஏற்கெனவே ஒரு கொள்ளை வழக்கில் தண்டனை பெற்றவர்.

அப்படிப்பட்டவர் துப்பாக்கி வைத்திருப்பது அலபாமா சட்டப்படி குற்றம். கேம்பிள் மாநில நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓராண்டு சிறை கிடைத்தது. இதோடு விவகாரம் முடிந்தது என்றுதான் யாரும் நினைப்போம்.

முடியவில்லை. அதே இரவு, அதே கார், அதே துப்பாக்கி. அதற்காகவே ஃபெடரல் அரசு, அதாவது அமெரிக்காவின் மத்திய அரசு, தன் பங்குக்கு ஒரு வழக்கைப் போட்டது. தண்டனை பெற்றவர்கள் துப்பாக்கி வைத்திருக்கக் கூடாது என்று ஃபெடரல் சட்டமும் சொல்கிறதே! இந்த முறை 46 மாதச் சிறை. முதல் தண்டனையோடு முடிந்திருந்தால் வெளியே வந்திருக்க வேண்டிய மனிதர், கிட்டத்தட்ட மூன்று ஆண்டுகள் கூடுதலாக உள்ளே இருக்க வேண்டியதாயிற்று.

“ஒரே குற்றத்துக்கு இரண்டு தடவை தண்டனையா? அது எப்படி சார் நியாயம்?” என்று நீங்கள் கேட்பீர்கள். கேம்பிளும் அதையேதான் கேட்டார். அந்தக் கேள்வி அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது.

அரசியலமைப்பு என்ன சொல்கிறது?

அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தம் 1791-ல் நடைமுறைக்கு வந்தது. ஒரே குற்றத்துக்காக எவரையும் இரண்டு முறை ஆபத்தில் நிறுத்தக் கூடாது என்பது அதிலுள்ள உறுதிமொழிகளில் ஒன்று. ஆங்கிலத்தில் இதை ‘டபுள் ஜெப்பர்டி’ என்பார்கள். ஒருமுறை விடுதலையானவரை அதே குற்றத்துக்காக மறுபடி கூண்டில் ஏற்றக் கூடாது. ஒருமுறை தண்டனை பெற்றவரை அதற்காகவே மறுபடி தண்டிக்கவும் கூடாது.

இந்த விதி எதற்கு? அரசாங்கத்திடம் போலீஸ் இருக்கிறது, பணம் இருக்கிறது, வக்கீல் படை இருக்கிறது. தனி மனிதனிடம் இருப்பதெல்லாம் கையில் உள்ள கொஞ்சம் சேமிப்பும் வயதும்தான். தோற்றால் மறுபடி, அதிலும் தோற்றால் இன்னொரு முறை என்று அரசு வழக்கு நடத்திக்கொண்டே போனால், குற்றமே செய்யாதவர்கூட ஒருநாள் சோர்ந்து போய்த் தலையாட்டிவிடுவார்.

எனவே, ஜூரிகள் பதவிப் பிரமாணம் எடுத்தவுடனேயே இந்தப் பாதுகாப்பு தொடங்கிவிடுகிறது. சில விதிவிலக்குகள் உண்டு. ஜூரிகளிடையே ஒருமித்த முடிவு எட்டப்படாவிட்டால் மறுவிசாரணை நடத்தலாம். தண்டனை பெற்றவரே மேல்முறையீடு செய்து தீர்ப்பை ரத்து செய்ய வைத்தாலும், பெரும்பாலும் மறுவிசாரணை வரும். நஷ்ட ஈடு கேட்கும் சிவில் வழக்குக்கு இந்தத் தடை பொருந்தாது. ஓ.ஜே.சிம்ப்சன் 1995-ல் கொலை வழக்கில் விடுதலையானார். பிறகு 1997-ல் சிவில் வழக்கில் மூன்று கோடி டாலருக்கும் மேல் கொடுக்கும்படி அவருக்கு உத்தரவானது இப்படித்தான்.

இவையெல்லாம் சின்னச் சின்ன வாசல்கள். கேம்பிளைச் சிக்கவைத்ததோ பெரிய வாசல்.

இரண்டு எஜமானர்கள்!

அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்துக்கும் தனி அரசியலமைப்பு, தனி குற்றச் சட்டம், தனி நீதிமன்றங்கள், தனி உச்ச நீதிமன்றம் உண்டு. இவற்றுக்குப் பக்கத்திலேயே ஃபெடரல் சட்டமும் ஃபெடரல் நீதிமன்றங்களும் தனியாக இயங்குகின்றன. மாநிலமும் ஒரு இறையாண்மை, ஃபெடரல் அரசும் ஒரு இறையாண்மை. ஒரே செயல் இரண்டு அரசுகளின் சட்டத்தையும் மீறினால், அவை இரண்டு தனித்தனிக் குற்றங்கள். இதுதான் அங்கே நீதிமன்றங்கள் சொல்லும் ‘இரட்டை இறையாண்மை’ கோட்பாடு.

இதற்கு உறுதியான வடிவம் கிடைத்தது மதுவிலக்குக் காலத்தில். வாஷிங்டன் மாநிலத்தில் லான்சா என்பவரும் கூட்டாளிகளும் மது தயாரித்ததற்காகவும் கடத்தியதற்காகவும் மாநில நீதிமன்றத்தில் ஆளுக்கு 750 டாலர் அபராதம் கட்டினார்கள். அதே சரக்குக்காக ஃபெடரல் அரசும் வழக்கு போட்டது. 1922-ல் உச்ச நீதிமன்றம் அதில் தவறில்லை என்றது. தீர்ப்பை எழுதிய தலைமை நீதிபதி வில்லியம் டாஃப்ட், முன்பு அமெரிக்க ஜனாதிபதியாக இருந்தவர்.

லான்சாவாவது முதல் வழக்கில் தண்டனை பெற்றவர். பார்ட்கஸ் என்பவரின் கதை அதைவிடக் கசப்பானது. இல்லினாய் மாநிலத்தில் நடந்த ஒரு கொள்ளை தொடர்பாக, 1953 டிசம்பரில் ஃபெடரல் நீதிமன்ற ஜூரிகள் அவரை விடுதலை செய்தார்கள். அடுத்த மாதமே இல்லினாய் மாநிலம் அதே கொள்ளைக்காக அவர்மீது குற்றம் சாட்டியது. ஃபெடரல் வழக்குக்காக எஃப்.பி.ஐ. சேகரித்த சான்றுகள் மாநிலத்தின் கைக்குப் போயின. இந்த முறை பார்ட்கஸ் குற்றவாளி என்று தீர்ப்பாகி, ஆயுள் தண்டனையும் கிடைத்தது. உச்ச நீதிமன்றம் 1959-ல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அதை உறுதி செய்தது. ஒரே ஒரு நீதிபதி மாற்றி யோசித்திருந்தால் அவர் தலைவிதி வேறாகியிருக்கும்.

ஃபெடரல் அரசும் மாநிலமும் மட்டுமல்ல... இரண்டு மாநிலங்களும் இப்படி ஒரே ஆளைப் பிடிக்கலாம். லாரி ஹீத் தன் கர்ப்பிணி மனைவியைக் கொல்ல கூலிக்கு ஆள் வைத்தவர். அலபாமாவில் கடத்தப்பட்ட அந்தப் பெண்ணின் உடல் ஜார்ஜியாவில் கிடைத்தது. மரண தண்டனையிலிருந்து தப்புவதற்காக, ஜார்ஜியாவில் குற்றத்தை ஒப்புக்கொண்டு ஆயுள் தண்டனை வாங்கிக்கொண்டார் ஹீத். பிறகு அலபாமா அவரை விசாரித்து மரண தண்டனை விதித்தது. 1985-ல் உச்ச நீதிமன்றமும் அதற்குத் தடை சொல்லவில்லை. 1992-ல் தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஹீத் மீது யாருக்கும் இரக்கம் வராது. ஆனால், அவர் ஒரு அரசோடு செய்துகொண்ட ஒப்பந்தம் அடுத்த அரசின் எல்லையில் செல்லாக்காசானது என்பதைக் கவனியுங்கள்.

அப்படியானால் இந்தக் கோட்பாடே மோசமா?

அவசரப்பட வேண்டாம். நாணயத்துக்கு மறுபக்கம் இருக்கிறது. அதைப் பார்க்க 1964-க்குப் போக வேண்டும்.

லெமுவேல் பென் ஒரு கறுப்பின ராணுவ ரிசர்வ் அதிகாரி. அந்த ஆண்டு ஜூலையில், பயிற்சி முடித்து ஜார்ஜியா வழியாகக் காரில் வீடு திரும்பிக்கொண்டிருந்தபோது, கூ க்ளக்ஸ் க்ளான் என்ற வெள்ளை இனவெறி அமைப்பினர் அவரைச் சுட்டுக் கொன்றார்கள். மாநில நீதிமன்றத்தில் வெள்ளையர்கள் மட்டுமே கொண்ட ஜூரி, குற்றம் சாட்டப்பட்ட இருவரையும் விடுவித்தது. மாநிலத்தின் தீர்ப்பே இறுதி என்றிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஃபெடரல் அரசு, குடிமக்களின் உரிமையைப் பறிக்கச் சதி செய்தார்கள் என்று தனி வழக்கு போட்டு அந்த இருவரையும் சிறைக்கு அனுப்பியது.

அடுத்த ஆண்டு அலபாமாவில், சம உரிமைப் போராட்டத்துக்கு உதவ வந்த வயோலா லியுஸோ என்ற வெள்ளையினப் பெண்மணி கொல்லப்பட்டார். அந்த வழக்கிலும் இதே கதைதான். மாநில நீதிமன்றத்தில் விடுதலை... சில வாரங்களில் ஃபெடரல் நீதிமன்றத்தில் பத்தாண்டுச் சிறை.

1991 மார்ச்சில், லாஸ் ஏஞ்சலீஸில் ரோட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை போலீஸ்காரர்கள் தடியால் அடித்த காட்சி, எதிர்வீட்டுக்காரரின் வீடியோ கேமராவில் பதிவானது. உலகமே பார்த்தது. ஆனாலும் 1992 ஏப்ரல் 29 அன்று, மாநில நீதிமன்றத்தில் அந்த நான்கு போலீஸ்காரர்களும் ஒரே ஒரு குற்றச்சாட்டு தவிர மற்ற எல்லாவற்றிலிருந்தும் விடுவிக்கப்பட்டார்கள். அந்த ஒன்றில் ஜூரிகளால் முடிவுக்கு வர முடியவில்லை. நகரம் பற்றி எரிந்தது. கலவரத்தில் ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அடுத்த ஆண்டு ஃபெடரல் நீதிமன்றத்தில் நால்வரில் இருவர் குற்றவாளிகள் என்று தீர்ப்பாகி, தலா 30 மாதச் சிறை பெற்றார்கள்.

ஜார்ஜ் ஃப்ளாய்டு கொலை நமக்கெல்லாம் நினைவிருக்கும். 2020 மே மாதம் மினியாபொலிஸ் நகரில் அவர் கழுத்தில் முழங்காலை அழுத்திய போலீஸ்காரர் டெரெக் ஷாவின், மாநில நீதிமன்றத்தில் இருபத்திரண்டரை ஆண்டுச் சிறை பெற்றார். பிறகு ஃபெடரல் வழக்கிலும் குற்றத்தை ஒப்புக்கொண்டு 21 ஆண்டு பெற்றார். இரண்டு தண்டனைகளும் ஏககாலத்தில் ஓடுகின்றன.

இப்போது சொல்லுங்கள். இந்த வாசலை இழுத்து மூடிவிடலாமா? மூடினால், உள்ளூர் ஜூரியின் ஓரவஞ்சனையால் தப்பித்தவர்கள் எல்லோரும் நிரந்தரமாகத் தப்பித்துவிடுவார்களே என்ற பயம் நியாயமானதுதான்.

2019 தீர்ப்பு

கேம்பிள் வழக்கில் உச்ச நீதிமன்றம் 2019 ஜூன் 17 அன்று தீர்ப்பு சொன்னது. ஏழு பேர் ஒரு பக்கம், இரண்டு பேர் மறுபக்கம். கேம்பிள் தோற்றார்.

பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி சாமுவேல் அலிட்டோ. அவரது வாதம் எளிமையானது. அரசியலமைப்பு தடுப்பது, ஒரே ‘குற்றத்துக்கு’ இரண்டு விசாரணையை. ஒரே ‘செயலுக்கு’ அல்ல. குற்றம் என்பதைச் சட்டம்தான் உருவாக்குகிறது. சட்டத்தை இயற்றுவது ஒரு இறையாண்மை. இரண்டு இறையாண்மை என்றால் இரண்டு சட்டம், இரண்டு சட்டம் என்றால் இரண்டு குற்றம். வெளிநாட்டில் அமெரிக்கர் ஒருவர் கொல்லப்பட்டு, அந்த நாடு ஒப்புக்கு ஒரு விசாரணை நடத்திவிட்டால், அமெரிக்கா கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டுமா என்ற கேள்வியும் இதில் அடங்கியிருக்கிறது.

எதிர்த்து எழுதிய இருவர் யார் தெரியுமா? முற்போக்கு அணியின் அடையாளமாக இருந்த ரூத் பேடர் கின்ஸ்பர்க் ஒருவர். பழைமைவாத அணியைச் சேர்ந்த நீல் கோர்சச் மற்றவர். எதிரெதிர்த் திசையில் நடப்பவர்கள் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். மாநிலமும் ஃபெடரல் அரசும் ஒரே முழுமையின் பகுதிகள். அந்த இரண்டுக்குமே அதிகாரம் மக்களிடமிருந்துதான் வந்தது. மக்களைக் காக்கத்தான் அதிகாரத்தை இரண்டாகப் பிரித்தோம். அந்தப் பிரிவையே காரணம் காட்டி ஒரே ஆளை இரண்டு முறை அடிக்கலாமா என்பது கின்ஸ்பர்க்கின் ஆதங்கம். தனக்குப் பிடித்த தீர்ப்பு கிடைக்கும்வரை அரசு வழக்கு நடத்துவது சுதந்திர நாட்டுக்கு அழகல்ல என்றார் கோர்சச்.

கறுப்பின மக்களைக் காத்த வழக்குகள் என்னவாகும்? எதிர்ப்பவர்களிடம் அதற்கும் பதில் இருக்கிறது. மாநில வழக்கில் குற்றச்சாட்டு, தாக்குதல் அல்லது கொலை. ஃபெடரல் வழக்கில் குற்றச்சாட்டு, பதவியைப் பயன்படுத்தி ஒருவரின் அரசியலமைப்பு உரிமையைப் பறித்தது. இரண்டிலும் நிரூபிக்க வேண்டிய அம்சங்களே வேறு வேறு. ஒவ்வொன்றிலும் மற்றதில் இல்லாத ஓர் அம்சம் இருந்தால் அவை தனித்தனிக் குற்றங்கள் என்று 1932 முதலே ஒரு அளவுகோல் அமெரிக்காவில் உண்டு. எனவே, இரட்டை இறையாண்மை இல்லாமலேயே அத்தகைய வழக்குகளில் பல தப்பிப் பிழைக்கும். கேம்பிளின் துப்பாக்கி வழக்கில் அப்படி எந்த வித்தியாசமும் இல்லை. காரில் துப்பாக்கி இருந்தது என்பதுதான் இரண்டு வழக்கிலும் குற்றம்.

எனக்கும் இந்தப் பதில்தான் சரியென்று படுகிறது. ரோட்னி கிங்கின் பெயரைச் சொல்லி, கேம்பிள்களை இரண்டு முறை உள்ளே தள்ள வேண்டியதில்லை.

தடுப்புச் சுவர் இருக்கிறதா?

இருக்கிறது. ஆனால் பலமானது அல்ல. பார்ட்கஸ் தீர்ப்பு வந்த சில நாள்களிலேயே அன்றைய அட்டர்னி ஜெனரல் ஒரு சுற்றறிக்கை அனுப்பினார். மாநிலம் விசாரித்த விஷயத்தில் ஃபெடரல் வழக்கறிஞர்கள் மறுபடி கைவைப்பதென்றால் முக்கியமான ஃபெடரல் நலன் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும், மேலிடத்து அனுமதியும் வேண்டும். இதை ‘பெட்டிட் கொள்கை’ என்கிறார்கள். இது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், இது துறையின் உள்விதி. “இந்தக் கொள்கையை மீறி என்மீது வழக்கு போட்டுவிட்டார்கள்” என்று குற்றம் சாட்டப்பட்டவர் நீதிமன்றத்தில் வாதாடி வெல்ல முடியாது. அரசு மனமிரங்கிக் கொடுப்பது உரிமையாகிவிடாது.

உண்மையான சுவரை எழுப்பியவை சில மாநிலங்கள்தாம். பார்ட்கஸ் வழக்கில் ஜெயித்த இல்லினாய் மாநிலமே, அதே 1959-ல், ஃபெடரல் நீதிமன்றம் விசாரித்த ஒருவரை மறுபடி மாநிலம் விசாரிக்கக் கூடாது என்று சட்டம் கொண்டுவந்தது.

நியூயார்க்கிலும் அப்படியொரு பாதுகாப்பு உண்டு. டொனால்டு டிரம்பின் தேர்தல் பிரசாரக் குழுத் தலைவராக இருந்த பால் மேனஃபோர்ட்டுக்கு அது கைகொடுத்தது. ஃபெடரல் நீதிமன்றம் அவருக்குத் தண்டனை கொடுத்தபின், நியூயார்க் அரசு வழக்கறிஞர் 2019-ல் தனி வழக்கு போட்டார். அமெரிக்க ஜனாதிபதியால் ஃபெடரல் குற்றங்களுக்கு மட்டுமே மன்னிப்பு கொடுக்க முடியும். மாநில வழக்கில் அவர் தலையிட முடியாது. அதனால்தான் அந்த வழக்கு பரபரப்பாகப் பேசப்பட்டது. ஆனால், நியூயார்க்கின் சொந்தச் சட்டத்தையே காட்டி மாநில நீதிபதி அதைத் தள்ளுபடி செய்துவிட்டார். 2020 டிசம்பரில் டிரம்ப் மன்னிப்பும் வழங்க, மேனஃபோர்ட் முழுதாகத் தப்பித்தார். ஜனாதிபதியின் மன்னிப்பு பெறும் வேண்டியவர்கள் இப்படித் தப்பிக்கக் கூடாதென்று, நியூயார்க் 2019 அக்டோபரிலேயே தன் சட்டத்தைத் திருத்தியிருந்தது. மேனஃபோர்ட் வழக்குக்கு அந்தத் திருத்தம் பொருந்தவில்லை.

பாதுகாப்பு என்றால் எல்லோருக்கும்தான். கேம்பிளுக்குக் கேட்பதை மேனஃபோர்ட்டுக்கு மறுக்க முடியாது. இந்தச் சட்டத்தின் அருமையும் அதுதான், சங்கடமும் அதுதான்.

நம் நாட்டில்?

நம் அரசியலமைப்பின் 20(2)-வது பிரிவு, ஒரே குற்றத்துக்காக ஒருவர்மீது இரண்டு முறை வழக்கு நடத்தித் தண்டிப்பதைத் தடுக்கிறது. முதல் வழக்கில் விடுதலையானவர்களுக்கும் இந்தப் பாதுகாப்பு உண்டு. முன்பு குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 300-வது பிரிவில் இருந்த அது, இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 337-வது பிரிவில் இருக்கிறது. மாநிலப் போலீஸ் விசாரித்தாலும், சி.பி.ஐ. விசாரித்தாலும் வழக்கு போவது ஒரே நீதிமன்ற அமைப்புக்குள்தான். அதனால் அமெரிக்காவில் உள்ள இந்தச் சிக்கல் இங்கே அதே வடிவில் எழுவதில்லை.

பிள்ளைகள் அங்கே இருந்தால்...

படிக்கவும் வேலைக்கும் போன பிள்ளைகள் அமெரிக்காவில் இருக்கும் குடும்பங்கள் நம்மிடையே நிறைய. அவர்கள் மூன்று விஷயங்களை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

முதலாவது... மாநில நீதிமன்றத்தில், “ஒப்புக்கொண்டால் சீக்கிரம் முடிந்துவிடும்” என்று யாராவது சொன்னால், உடனே தலையாட்டக் கூடாது. அந்த ஒப்பந்தம் அந்த மாநிலத்தை மட்டுமே கட்டுப்படுத்தும். ஃபெடரல் வழக்கு வர வாய்ப்பிருக்கிறதா, வந்தால் இந்த ஒப்புதல் அங்கே எதிராகப் பயன்படுமா என்று வழக்கறிஞரிடம் முதலிலேயே கேட்க வேண்டும். முடிந்தால் இரண்டு தரப்பையும் சேர்த்தே எழுத்தில் பேசி முடிக்க வேண்டும்.

இரண்டாவது... நாடு கடத்தல். அதை அமெரிக்க நீதிமன்றங்கள் குற்றத்துக்கான தண்டனையாகக் கருதுவதில்லை. எனவே, சிறைத் தண்டனை முடிந்த பிறகு நாடு கடத்தினால், ‘இது இரண்டாவது தண்டனை’ என்று வாதிட முடியாது.

மூன்றாவது... குற்றத்தை ஒப்புக்கொள்வதால் குடியேற்ற உரிமைக்கு என்ன ஆபத்து என்பதை எடுத்துச் சொல்வது கிரிமினல் வழக்கறிஞரின் கடமை என்று, 2010-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. அவர் சொல்லாவிட்டாலும் நீங்கள் கேளுங்கள்.

கேம்பிளும் குற்றத்தை ஒப்புக்கொண்டவர்தான். ஓராண்டோடு முடியும் என்றுதான் அவரது மாநிலத் தீர்ப்பு சொன்னது. ஒரு வழக்கு உண்மையிலேயே எங்கே முடிகிறது என்பதைக் கையெழுத்துப் போடுவதற்கு முன்பே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.